தலைப்பில் ஓர் எழுத்து



நான் செய்த ஒரு தவற்றைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. எழுதாமல் விட்டுவிடலாம் என்று ஆறு மாதங்கள் தள்ளிப்போட்டேன். ஆனால் அந்தத் தவறு ஊரறிய நடந்தது. அதைச் செய்யும்படி தூண்டிய செய்தி இந்தப் பக்கத்தின் வாசகர்களுள் சிலருடைய கைபேசிக்கும் வந்திருக்கும். ஆகவே திருத்தமும் ஊரறியச் செய்வதே முறை.

என்னிடம் மாலை நேர மதரஸாவில் ஏழு ஆண்டுகள் ஓதிய மாணவன் ஒருவன் இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதும் பழக்கம் அவனுக்கு உண்டு. பாகப்பிரிவினைச் சட்டத்தில் வரும் ஓர் அரபுக் கலைச்சொல்லைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினான். வாரிசுகளின் பங்குகளை அட்டவணை போட்டு, நான்கு மத்ஹபுகளின் கருத்தையும் சேர்த்து, மூன்று வாரம் உழைத்து எழுதியது. பங்குக் கணக்கை நானே சரிபார்த்துக் கொடுத்தேன். எந்தக் கட்டுரை என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. அதன் பேச்சுப் பக்கத்தில் பலருடைய பெயர்கள் நிற்கின்றன; அவர்களைச் சுட்டிக்காட்டினால் புறம் பேசுவதாகிவிடும்.

சென்ற ஷஃபான் மாதத்தில் ஒருநாள் இஷாவுக்குப் பிறகு அவன் கைபேசியைக் கொண்டுவந்து காட்டினான். கட்டுரையில் ஒரு வரி கூட மாறவில்லை. தலைப்பு மட்டும் மாறியிருந்தது. ‘ஸ’ இருந்த இடத்தில் ‘ச’ நின்றது.

“என்ன வாப்பா இது? யார் செய்தது?”

“அங்கே நெடுங்காலமாக எழுதுகிற ஒருவர், ஹஜ்ரத். கிரந்த எழுத்தைத் தவிர்க்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. நான் பேச்சுப் பக்கத்தில் மறுப்பு எழுதியிருக்கிறேன். ஒரு வாரம் போகட்டும், நாலு பேர் சொல்வதைப் பார்ப்போம்.”

அவன் அமைதியாகத்தான் சொன்னான். எனக்குத்தான் அமைதி இல்லை. பள்ளிவாசல் முகப்பில் எழுதியிருக்கும் பெயரை யாரோ வந்து சுரண்டிவிட்டுப் போனது போல் இருந்தது.

விக்கிப்பீடியாவைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளும் பெற்றோருக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். 2001-இல் ஆங்கிலத்தில் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியத்தின் தமிழ்ப் பதிப்பு 2003-இல் தொடங்கியது. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். கட்டுரைக்குள் ஒரு பொருளுக்குப் பத்துப் பெயர்களைக் குறிப்பிடலாம். ஆனால் தலைப்பு ஒன்றுதான் இருக்க முடியும். ஏனெனில் தலைப்புதான் அந்தப் பக்கத்தின் முகவரி. ஒரு பெயரை மாற்றி வேறொன்றை வைப்பதை அங்கே ‘நகர்த்துதல்’ என்கிறார்கள். நகர்த்தினால் பழைய பெயர் அழிந்துவிடாது. அது ‘வழிமாற்று’ ஆகிப் புதிய பெயருக்கு அழைத்துச் செல்லும். ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஒரு பேச்சுப் பக்கமும், யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்டும் வரலாற்றுப் பக்கமும் உண்டு. எல்லோருக்கும் பொதுவான கலந்துரையாடல் இடத்திற்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர். அழகான பெயர்.

இந்த ஏற்பாட்டில் தலைப்புச் சண்டை வராமல் இருந்தால்தான் வியப்பு. தமிழ்நாட்டார் ‘ஆஸ்திரேலியா’ என்று எழுதுவதை இலங்கையார் ‘அவுஸ்திரேலியா’ என்று எழுதுவர். தமிழ் விக்கிப்பீடியாவில் அது ‘ஆத்திரேலியா’. பாகிஸ்தான் அங்கே ‘பாக்கித்தான்’; ஸ்பெயின் ‘எசுப்பானியா’. வேற்றுமொழிச் சொல் தமிழுக்குள் வரும்போது தன் எழுத்தைக் களைந்துவிட்டுத் தமிழ் எழுத்தை உடுத்து வர வேண்டும் என்ற தொல்காப்பிய மரபை ஒரு சாரார் பிடித்துக்கொள்கிறார்கள். மக்கள் எப்படி எழுதுகிறார்களோ, பள்ளிப் பாடநூலும் நாளிதழும் எப்படி அச்சிடுகின்றனவோ, அப்படியே இருக்க வேண்டும் என்கிறார்கள் மறுசாரார். இரண்டுமே நேர்மையான நிலைப்பாடுகள்தாம். அன்றிரவு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எங்கள் மதரஸாவின் பழைய மாணவர்களுக்கு வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. 140 பேர் இருக்கிறார்கள். பாதிப் பேர் வளைகுடாவில். அன்றிரவு பதினொரு மணிக்கு அதில் ஒரு செய்தி போட்டேன். நம்முடைய மார்க்கச் சொல்லைச் சிதைக்கிறார்கள் என்றும், தமிழ் தெரிந்த ஒவ்வொருவரும் உடனே கணக்குத் தொடங்கி எதிர்ப்பைப் பதிவுசெய்ய வேண்டும் என்றும் எழுதினேன். கட்டுரையின் சுட்டியையும் இணைத்தேன். தஹஜ்ஜுத் தொழுதுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஃபஜ்ருக்கு எழுந்தபோது 17 புதிய கணக்குகள் அந்தப் பேச்சுப் பக்கத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. பெரும்பாலானவர்கள் ‘மாற்றுக’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தியிருந்தார்கள். சிலர் கட்டளையிட்டார்கள். ஒருவன், நான் அலிஃப் பா சொல்லிக்கொடுத்தவன், தலைப்பை நகர்த்தியவரை ‘இஸ்லாத்தின் எதிரி’ என்று எழுதியிருந்தான்.

மாலையில் என் மாணவன் வந்தான். கோபமாக வந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“ஹஜ்ரத், அங்கே தலை எண்ணுவதில்லை” என்றான். “சொன்ன காரணத்தைத்தான் பார்ப்பார்கள். ஒரே இரவில் இத்தனை பேர் புதிதாக வந்தால், எல்லாமே ஒரே ஆளின் கைப்பாவைக் கணக்குகளோ என்று ஐயப்படுவார்கள். இப்போது அந்த ஐயம் என் மேல்தான்.”

பிறகு இன்னொன்று சொன்னான். அந்த நகர்த்தியவர்தான் இரண்டு ஆண்டுகளாக அவனுக்குச் சந்திப்பிழை திருத்திக்கொடுத்தவர். அடிக்குறிப்பு இடக் கற்றுக்கொடுத்தவர். அவனுடைய முதல் கட்டுரையை நீக்க வேண்டும் என்று மற்றொருவர் சொன்னபோது, பொறுங்கள், பையன் வளர்த்தெடுப்பான் என்று வாதாடியவர். முஸ்லிம் அல்லாத ஒருவர், நம் பாகப்பிரிவினைச் சட்டக் கட்டுரையில் ஒற்றுப்பிழை பார்த்துக் கொடுத்திருக்கிறார். அவரைத்தான் என் மாணவன் ஒருவன் எதிரி என்று எழுதிவிட்டான். எழுதியது அவன் விரல். எழுதச் சொன்னது நான்.

அன்றிரவு அந்தப் பேச்சுப் பக்கத்தை முதல் வரியிலிருந்து படித்தேன். ஒரு வழக்கின் இருதரப்பையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன், அதை அப்போதுதான் முதன்முறையாகப் படித்தேன்.

அவர் இரண்டே சான்றுகள் வைத்திருந்தார். ஒன்று, சீறாப்புராணம். 17-ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் பாடிய அந்தக் காப்பியத்தின் பெயரில் உள்ள ‘சீறா’, அரபியின் ‘ஸீரா’தான். ‘ஸீ’ போய் ‘சீ’ வந்திருக்கிறது. ‘ரா’ போய் ‘றா’ வந்திருக்கிறது. மற்றொன்று, 1572-இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ஆயிரமசலா. முழுமையாகக் கிடைக்கும் தமிழ் இஸ்லாமிய நூல்களில் மிகப் பழையதென்று அறிஞர்கள் கருதுவது அது. அதன் பெயரிலுள்ள ‘மசலா’ என்பது ‘மஸ்அலா’. அவர் கேட்டிருந்த கேள்வி இதுதான்: உங்கள் முன்னோர் நூல்களின் முகப்பிலேயே செய்த ஒன்றை நான் செய்தால் அது சிதைவாகுமா?

எனக்குப் பதில் இல்லை. மாறாக, என் வீட்டு இரும்புப் பெட்டியிலிருக்கும் கிரயப் பத்திரம் நினைவுக்கு வந்தது. அதில் என் பாட்டனார் பெயர் ‘இபுறாகீம்’ என்று இருக்கிறது. பாட்டியார் பெயர் ‘கதீசா பீவி’. இன்று நாம் இப்ராஹீம் என்றும் கதீஜா என்றும் எழுதுகிறோம். கதீசா என்று கையெழுத்திட்ட அந்த மூதாட்டி, நான் அறிந்தவரை, ஒரு வக்துத் தொழுகையையும் கழா ஆக்கியதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். நம் புலவர்கள் ‘கிஸ்ஸா’ என்றும் ‘முனாஜாத்து’ என்றும் நூல்வகைகளுக்குப் பெயரிட்டபோது ஸவையும் ஜவையும் தயங்காமல் எழுதியிருக்கிறார்கள். முன்னோர் இரண்டு வழியிலும் நடந்திருக்கிறார்கள். அரபி எழுத்திலேயே தமிழை எழுதி, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளி சேர்த்துப் புது எழுத்துகள் அமைத்துக்கொண்ட அரபுத்தமிழ் மரபு நமக்கு உண்டே. ஒலி சிதையக்கூடாது என்ற கவலை உண்மையான கவலைதான். ஆனால் அந்தக் கவலைக்கு ‘ஸ’ மருந்தாகிறதா என்று யோசித்தபோது, நான் அன்றாடம் நடத்தும் தஜ்வீத் பாடமே என்னைக் கேலி செய்தது.

அரபியில் ஸீன் வேறு, ஸாத் வேறு, மூன்று புள்ளி வைத்த ஸா வேறு. தமிழில் எழுதும்போது மூன்றுக்கும் ‘ஸ’தான். பயணத்தைக் குறிக்கும் ஸஃபர் ஸீனில் தொடங்குகிறது. மாதத்தின் பெயராகிய ஸஃபர் ஸாதில் தொடங்குகிறது. தமிழில் இரண்டும் ஒரே சொல். தொண்டையின் நடுவிலிருந்து பிறக்கும் ஹாவும் அடித்தொண்டையிலிருந்து பிறக்கும் ஹாவும் நமக்கு ஒரே ‘ஹ’. இதயத்துக்கும் நாய்க்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லி நான் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பதுண்டு. பெரிய காஃபில் சொன்னால் இதயம், சிறிய காஃபில் சொன்னால் நாய், தமிழில் இரண்டையும் ‘கல்பு’ என்றுதான் எழுதியாக வேண்டும். இதில் ஜ, ஷ, ஸ, ஹ என்ற எழுத்துகள் நமக்காக உண்டானவையும் இல்லை. வடமொழியை எழுதுவதற்காக வந்தவை. வடமொழிக்காக வந்த எழுத்தை அரபியின் காவலனாக நிறுத்தி, தமிழ் எழுத்தைப் பகைவனாக்கி, நடுராத்திரியில் 140 பேரை எழுப்பிவிட்டிருக்கிறேன்.

ஸகாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜகாத், ஸகாத், ஸக்காத், சகாத், ஸக்காத்து என்று நம் வீடுகளிலும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகைகளிலுமே ஐந்து விதமாக எழுதுகிறோம். அரபியில் அது ஸாய் என்ற எழுத்து. அந்த ஒலி தமிழிலும் இல்லை, கிரந்தத்திலும் இல்லை. ஐந்துமே தோராயம்தான். ஒருவர் ‘ஏழைவரி’ என்று தலைப்பு வைத்தால் மட்டும் நான் கட்டாயம் எதிர்ப்பேன். ஏனெனில் அது எழுத்தை மாற்றவில்லை, பொருளை மாற்றுகிறது. ஸகாத் ஓர் இபாதத். அரசாங்கம் விதிக்கும் வரியோடு அதைச் சேர்த்துவிட்டால் படிக்கிறவருக்குத் தவறான செய்தி போகும். தொழுகைக்கும் நோன்புக்கும் நம் முன்னோர் தயங்காமல் தமிழ்ச்சொல்லை எடுத்துக்கொண்டார்கள். ஸலாத், ஸவ்ம் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. சமணரும் பௌத்தரும் தங்கள் இடங்களுக்கு வைத்திருந்த ‘பள்ளி’ என்ற சொல்லைக்கூட வாங்கிப் பள்ளிவாசல் ஆக்கிக்கொண்டார்கள். ஸகாத்துக்கும் ஹஜ்ஜுக்கும் பொருந்திய சொல் கிடைக்காததால் அரபியை அப்படியே வைத்தார்கள். எந்த இடத்தில் விட்டுக்கொடுப்பது, எந்த இடத்தில் நிற்பது என்ற விவேகம் அவர்களுக்கு இருந்தது.

நிற்க வேண்டிய இடம் என்று நானும் ஒன்று வைத்திருக்கிறேன். அல்லாஹ் என்ற திருநாமத்தின் இறுதி ஹ்-ஐ உதிர்த்து எழுதுவதை என் மனம் ஒப்பவில்லை. பழைய தமிழ் நூல்களில் ‘அல்லா’ என்று இருப்பதை அறிவேன். அப்படி எழுதியவர்களின் ஈமானைப் பற்றி எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனாலும் அந்தச் சொல்லின் வேரிலேயே உள்ள எழுத்து அது. இந்த ஒன்றில் எவர் என்ன சான்று காட்டினாலும் நான் வாதாடுவேன், பேச்சுப் பக்கத்தில், என் சொந்தக் கணக்கில், என் சொந்தப் பெயரில்.

பிற மொழிகளிலும் இப்படி நடக்கிறதா என்று மாணவனைக் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே தயிரைப் பற்றிச் சொன்னான். ஆங்கிலப் பதிப்பில் தயிர் பற்றிய கட்டுரை 2002-இல் ‘எச்’ இல்லாத எழுத்துக்கூட்டலில் தொடங்கியதாம். அடுத்த ஆண்டு யாரோ ‘எச்’ சேர்த்து நகர்த்திவிட்டார். ஒரு மொழியின் இரண்டு நாட்டு வழக்குகள், அவ்வளவுதான். அந்த ‘எச்’ மீண்டும் விலகுவதற்கு 2011 டிசம்பர் வரை, எட்டாண்டுகளுக்கு மேல் விவாதித்திருக்கிறார்கள். மதமும் இல்லை, நாட்டுப்பற்றும் இல்லை, வெறும் தயிர்.

உக்ரைனின் தலைநகர் கதை அப்படிப்பட்டதன்று. ரஷ்ய ஒலிப்பை ஒட்டிய ‘கீயெவ்’ என்ற ஆங்கில வடிவத்தை விட்டுத் தங்கள் மொழியின் ‘கீவ்’ வடிவத்தை ஏற்க வேண்டும் என்று உக்ரைனியர் நெடுங்காலம் கேட்டுவந்தனர். விக்கிப்பீடியாவின் ஆங்கிலப் பதிப்பு இசையவில்லை. ஓர் ஊர் தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறது என்பதைவிட ஆங்கிலத்தில் எழுதும் நம்பகமான வெளியீடுகள் அதை எப்படி அழைக்கின்றன என்பதுதான் அங்கே விதி. 2019-இல் அசோசியேட்டட் பிரசும் பிபிசியும் எழுத்துக்கூட்டலை மாற்றிக்கொண்டன. 2020 செப்டம்பரில் கட்டுரையும் நகர்ந்தது. மாற்றியது கூட்டம் சேர்த்த கணக்குகள் இல்லை. வெளியுலகில் வழக்கு மாறியதுதான் மாற்றியது.

நமக்கு நெருக்கமான சான்று மக்கா. ஆங்கிலத்தில் ‘மெக்கா’ என்ற வடிவம் பொதுச்சொல்லாகிவிட்டது. சூதாட்டக்காரர்களின் மெக்கா, நாகரிக உடையின் மெக்கா என்றெல்லாம் எழுதுவார்கள். பிரிட்டனில் நடன அரங்குகளுக்கும் அந்தப் பெயர் இருந்தது. இது பொறுக்காமல் 1980-களில் சவூதி அரசு ‘மக்கா’ என்று ஒலிக்கும் எழுத்துக்கூட்டலை அதிகாரப்பூர்வமாக்கியது. இன்றும் ஆங்கில விக்கிப்பீடியாவில் தலைப்பு மெக்காதான். மக்கா என்ற வடிவம் முதல் வரியில் இருக்கிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் அதே ஊரைத் திருக்குர்ஆன் ஓரிடத்தில் பக்கா என்றும் மற்றோரிடத்தில் மக்கா என்றும் குறிப்பிடுவதை ஓதும் நமக்கு, ஓர் ஊருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் இருப்பது புதிதன்று.

பெயர் சிறிய விஷயம் என்று நான் சொல்லவரவில்லை. நபி (ஸல்) அவர்கள் பெயர்களை மாற்றியிருக்கிறார்கள். யஸ்ரிப் என்ற ஊர் மதீனா ஆயிற்று. கீழ்ப்படியாதவள் என்று பொருள்படும் ஆஸியா என்ற பெயருடைய பெண்மணிக்கு ஜமீலா என்று பெயரிட்டார்கள். பட்டப்பெயர் வைத்து ஒருவரையொருவர் இழிவுபடுத்துவதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-ஆம் வசனம் தடுக்கிறது. நம்மைப் பிறர் முகமதியர் என்று அழைத்த காலத்தில், நாங்கள் நபியை வணங்குகிறவர்கள் இல்லையே என்று நம்மவர் மறுத்ததும் பெயரின் பொருட்டுத்தான். அதிலும் ஒரு வேடிக்கை: 1875-இல் சர் சையத் அகமது கான் அலிகாரில் தொடங்கிய கல்லூரியின் பெயரிலேயே அந்த ‘முகமதிய’ இருந்தது. 1920-இல் பல்கலைக்கழகமானபோதுதான் அது ‘முஸ்லிம்’ ஆயிற்று. நாமே சூடிக்கொண்டு நாமே கழற்றிய பெயர்.

ஆனால் ஹஸ்ன் என்பவரின் செய்தியும் ஹதீஸில் இருக்கிறது. கரடுமுரடு என்ற பொருளுள்ள அந்தப் பெயரை விட்டு, எளிமை என்று பொருள்படும் ஸஹ்ல் என்பதை வைத்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். தந்தை வைத்த பெயரை மாற்றமாட்டேன் என்றார் அவர். நபியவர்கள் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்தக் கரடுமுரடு பின்னரும் எங்கள் குடும்பத்தில் தங்கிவிட்டது என்று அவருடைய பேரர் ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) சொல்லியிருக்கிறார்கள். இந்த ஹதீஸை எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். கட்டாயப்படுத்தவில்லை என்ற இடத்தில் ஒருமுறையும் நின்றதில்லை.

கலைக்களஞ்சியத்தில் நபியவர்களின் பெயருக்குப் பின் ‘ஸல்’ எழுதுவதில்லையே என்று பெற்றோர் சிலர் என்னிடம் குறைப்பட்டதுண்டு. ஆங்கிலப் பதிப்பின் நடை வழிகாட்டியில் அப்படி எழுதக்கூடாது என்றே விதி இருக்கிறது. அவர்களுக்கு நான் ஹுதைபிய்யாவை நினைவூட்டியிருக்கிறேன். ஹிஜ்ரி 6-இல் உடன்படிக்கை எழுதும்போது, அர்ரஹ்மான் என்பதை நாங்கள் அறியோம், பழைய வழக்கப்படி எழுதுங்கள் என்றார் குறைஷிகளின் தூதர் ஸுஹைல் இப்னு அம்ர். அப்படியே எழுதச் சொன்னார்கள் நபியவர்கள். அல்லாஹ்வின் தூதர் என்ற சொற்களையும் அவர் ஏற்கவில்லை. தூதர் என்று ஒப்புக்கொண்டிருந்தால் உங்களைத் தடுத்திருக்கவே மாட்டோமே என்றார். அழிப்பதற்கு அலீ (ரலி) அவர்களின் கை வரவில்லை. நபியவர்கள் அந்த இடத்தைக் காட்டச் சொல்லித் தம் கையாலேயே அழித்து, அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மத் என்று எழுதச் செய்தார்கள். நம்பிக்கையில் உடன்படாத இரு தரப்பார் சேர்ந்து எழுதும் ஏட்டில் இரு தரப்பும் ஒப்பும் சொல்லே நிற்கும். ஸவுக்கும் சவுக்கும் ஹுதைபிய்யாவை இழுப்பது மிகை என்று சிலர் நினைக்கலாம், மிகைதான். அலீ (ரலி) அவர்கள் தயங்கியது அன்பினால். என்னுடைய செய்தியில் இருந்தது பெரும்பாலும் சினம். இரண்டையும் அருகருகே வைக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் குழுவில் இரண்டாவது செய்தி போட்டேன். யாரும் இனி அங்கே எழுத வேண்டாம், எழுதச் சொன்னது என் தவறு என்று. ‘ஹஜ்ரத்தை யாரோ மிரட்டிவிட்டார்கள்’ என்று ஒருவர் எழுதினார். ‘நல்ல காரியத்தில் பின்வாங்கலாமா’ என்று இன்னொருவர் கேட்டார். முதல் செய்தியை வேறு குழுக்களுக்கு அனுப்பியவர்களுள் பலர் இரண்டாவதை அனுப்பவில்லை. முதல் செய்தி இன்னும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது. போன வாரம்கூட ஒரு மஹல்லா குழுவிலிருந்து எனக்கே திரும்பி வந்தது.

பிறகு மாணவனைப் பக்கத்தில் உட்காரவைத்து விக்கிப்பீடியாவில் ஒரு கணக்குத் தொடங்கினேன். என் பெயரை எந்த எழுத்துக்கூட்டலில் பதிவது என்று அங்கேயும் ஒரு நிமிடம் விரல் நின்றது. குடும்ப அட்டையில் ஒருவிதம், பாஸ்போர்ட்டில் வேறொருவிதம். பேச்சுப் பக்கத்தில் ஐந்து வரி எழுதினேன்: இந்தக் கணக்குகள் என் மாணவர்களுடையவை, வெவ்வேறு மனிதர்களுடையவை, வரச் சொன்னவன் நான், கட்டுரை எழுதிய பிள்ளைக்கு இதில் பங்கில்லை, உங்களைப் பற்றி எழுதப்பட்ட கடுஞ்சொல்லுக்கு நான் பொறுப்பு, மன்னிக்க வேண்டுகிறேன்.

அவர் இரண்டு நாள் கழித்துப் பதில் எழுதினார். ஐயம் தீர்ந்தது, பையனின் கணக்குக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு வரி. கட்டுரையின் முதல் வரியில் அரபி எழுத்தையும் ‘ஸ’ வடிவத்தையும் சேர்த்திருக்கிறேன், ‘ஸ’ இட்டுத் தேடினாலும் இங்கேதான் வந்து சேரும் என்று மற்றொரு வரி. கடுஞ்சொல்லைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

தலைப்பு இன்றும் ‘ச’வில்தான் இருக்கிறது. என் மாணவன் அதை ஒப்புக்கொண்டுவிடவில்லை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வெளிவந்த சட்ட நூல்களில் அந்தச் சொல் எப்படி அச்சாகியிருக்கிறது என்று குறிப்பெடுத்து வருகிறான். போதிய சான்று சேர்ந்ததும் மீண்டும் பேச்சுப் பக்கத்தில் எழுப்புவானாம். எழுப்பட்டும். என்னிடம் இருந்த இரண்டு பழைய நூல்களை அவனிடம் கொடுத்திருக்கிறேன். ஒன்றில் ‘ஸ’ இருக்கிறது, மற்றதில் ‘ச’ இருக்கிறது. இரண்டையும் குறித்துக்கொள் என்று சொன்னேன், குறித்துக்கொண்டான்.

‘எதிரி’ என்று எழுதியவன் தம்மாமில் வேலை செய்கிறான். தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். முதலில் தயங்கினான், பிறகு அழுதுவிட்டான். அன்றே உள்ளே போய் அந்த வரியை நீக்கிவிட்டதாகச் சொன்னான். நீக்கியிருக்கிறான், பார்த்தேன். ஆனால் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால் அந்த நாளும் அந்த நேரமும் அவன் எழுதிய சொல்லும் அப்படியே இருக்கின்றன. அதை நீக்க நம்மால் முடியாது, ஹஜ்ரத் என்கிறான் என் மாணவன்.